நடுவர் மேசையில் ஒரு கிண்ணம் சோறு வையுங்கள்

தமிழ்த் தொலைக்காட்சிகளில் சமையல் போட்டிகளைத் தயாரிப்பவர்களுக்கும், அவற்றில் நடுவர்களாக அமரும் சமையல் வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

குழம்பை வெறும் கரண்டியில் எடுத்துச் சுவைத்துவிட்டு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். இந்த மடலில் நான் கேட்க வந்தது முக்கியமாக இதைத்தான். மற்றவையெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

காட்சி உங்களுக்கே தெரியும். போட்டியாளர் ஒரு வெள்ளைத் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார். நடுவர் சின்னக் கரண்டியால் குழம்பின் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்கிறார். பின்னணியில் முரசு அதிர்கிறது. அவருடைய முகத்தை மூன்று கோணங்களில் காட்டுகிறீர்கள். பிறகு அவர், "உப்புக் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது" என்கிறார். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் எனக்கு உடனே ஒரு கேள்வி எழுகிறது: எதோடு சேர்த்துச் சாப்பிட்டால் தூக்கல்?

வத்தக்குழம்பில் போடும் உப்பும் புளியும் அந்தக் குழம்புக்கு மட்டும் போட்டவை அல்ல. அதில் பிசையப்போகிற சோற்றுக்கும், மேலே விடப்போகிற நல்லெண்ணெய்க்கும், தொட்டுக்கொள்ளும் சுட்ட அப்பளத்துக்கும் சேர்த்துப் போட்டவை. தனியாக நாக்கில் வைத்துப் பார்க்கும்போது அளவாக இருக்கிற வத்தக்குழம்பு, சோற்றில் பிசைந்ததும் சப்பென்று ஆகிவிடும். வீட்டில் குழம்பு வைப்பவர்களும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கத்தானே செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் அந்தச் சொட்டைச் சுவைக்கும்போதே சோற்றையும் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கு நடுவர்களுக்கும் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் போட்டியாளர்கள் வேறொரு கணக்கைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்: கரண்டிக்குத் தகுந்த உப்பு, கரண்டிக்குத் தகுந்த காரம். சீசன் தொடங்கிச் சில வாரங்களில் எல்லாக் குழம்பும் சூப் ஆகிவிடுகிறது.

எங்கள் திருநெல்வேலிச் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைத்துக்கொள்வார்கள். காய்கள் நீர்த்த பாலில் வேகும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்ப்பார்கள். காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும் மட்டும்தான். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, அது கொதித்துத் திரிந்துவிடாமல் இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சம்பழத்தைப் பிழிவார்கள். இதைத் தனியாக ஒரு கரண்டி குடித்தால் இனிப்பும் மந்தமுமாகத்தான் இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் அப்படி வைக்கிறார்கள். பக்கத்தில் இஞ்சிப் பச்சடி இருக்கும், பொரித்த உருளைக்கிழங்கு இருக்கும். பச்சடியின் உறைப்பும் புளிப்பும் ஒரு கவளம் விட்டு ஒரு கவளம் சொதியை எழுப்பிவிடும். கல்யாண வீடுகளில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைக்கிற குடும்பங்களில் போய்ச் சொதியை மட்டும் கிண்ணத்தில் கொடுங்கள், என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நிகழ்ச்சியில் இந்தச் சொதியை மட்டும் சுவைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் காரசாரமாக இருந்திருக்கலாம்" என்று நடுவர் சொன்னதை நான் பார்த்தேன். போட்டியாளர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார். பேசியிருந்தால் திமிர் பிடித்தவர் என்று அடுத்த நாள் முன்னோட்டத்தில் காட்டியிருப்பீர்கள்.

இந்தக் கரண்டி எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஏதுமில்லை. மாஸ்டர்செஃப் என்ற சமையல் போட்டி 1990இல் பிரிட்டனின் பிபிசியில் தொடங்கியது. 2009இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வேறு உருவம் எடுத்தது. தினசரித் தொடர் போல நீண்ட அந்த உருவம்தான் உலகம் முழுக்கப் பரவி, 2021 ஆகஸ்டில் விஜய் சேதுபதி தொகுத்து வழங்க சன் டிவி வழியாகத் தமிழுக்கும் வந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலிய உணவகங்களில் ஒரு தட்டு என்பது முழுச் சாப்பாடு. இறைச்சி, அதன் மேல் ஊற்றும் சாறு, காய், கிழங்கு எல்லாம் சமைத்தவரே அளந்து, அடுக்கி அனுப்புகிறார். எதை எதோடு எவ்வளவு சேர்ப்பது என்பதை அவரே முடிவு செய்துவிடுகிறார். நம் இலையில் அந்த முடிவு சாப்பிடுகிறவர் கையில் இருக்கிறது. எவ்வளவு சோற்றுக்கு எவ்வளவு சாம்பார், ரசத்துக்கு எப்போது மாறுவது, மோர்ச் சோற்றுக்கு ஊறுகாயா வற்றல் மிளகாயா என்பதெல்லாம் அவர் விருப்பம். பாதிச் சமையல் இலையில்தான் நடக்கிறது. அந்தப் பாதியைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

வெளியூர்க்காரர் அளவுகோலால் ஓர் உணவை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மாஸ்டர்செஃப்பிலேயே ஒரு கதை இருக்கிறது. 2018இல் பிரிட்டன் நிகழ்ச்சியில் மலேசியாவில் பிறந்த ஒரு பெண் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் கோழி ரெண்டாங்கும் சமைத்தார். ரெண்டாங் என்பது தேங்காய்ப் பாலிலும் மசாலாவிலும் நெடுநேரம் வற்ற வற்ற வேகவைக்கும் குழம்பு. கோழித்தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னார். போட்டியாளர் வெளியேறினார். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் என்று எல்லா நாட்டு மக்களும் கொதித்தெழுந்தார்கள். அப்போது தேர்தல் களத்தில் இருந்த மலேசியப் பிரதமர் கூட விட்டுவைக்கவில்லை. குழம்பில் வெந்த கோழியின் தோல் எப்படி மொறுமொறுக்கும் என்ற எளிய கேள்விதான் அத்தனை பேரையும் ஒன்றுசேர்த்தது. நம் நடுவர்கள் நம்மவர்கள்தான் என்பதால் இங்கே யாரும் கொதிப்பதில்லை. ஆனால் சமையல் கல்லூரியில் பிரெஞ்சுச் சாறுகளின் இலக்கணத்தை முதலில் படித்துவிட்டு வந்து, அந்த அளவுகோலால் புளிக்குழம்பை அளக்கும்போது நடப்பது ரெண்டாங்கில் நடந்ததுதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021இல் ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப்பின் இறுதிச் சுற்றில், வங்கதேசப் பூர்வீகம் கொண்ட கிஷ்வர் சௌத்ரி என்ற போட்டியாளர் பாந்தா பாத் வைத்தார். வங்காளிகளின் பழைய சோறு அது. தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, அந்தத் தண்ணீருக்குப் புகை மணம், பிசைந்த உருளைக்கிழங்கு, பொரித்த மத்தி மீன். உணவகங்களில் கிடைக்காத உணவு என்று அவரே சொல்லித்தான் பரிமாறினார். நடுவர்கள் சோற்றையும் நீரையும் கிழங்கையும் மீனையும் சேர்த்தே சாப்பிட்டார்கள், மனம்விட்டுப் பாராட்டினார்கள். அவருக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் அதைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் ஏராளம். நம் இறுதிச் சுற்று ஒன்றில் யாராவது பழைய சோற்றையும் சின்ன வெங்காயத்தையும் மோர் மிளகாயையும் வைக்கத் துணிவார்களா? வைத்தால், அதைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மேலே நுரை போடச் சொல்லாமல் இருப்பீர்களா?

அடுத்து, நடுவர்களின் பேச்சு. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வாசனை வருவதில்லை. சுவை வருவதில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்கள், நாங்கள் பார்க்கிறோம். ஆகவே எங்களுக்கு இருக்கிற ஒரே நாக்கு உங்கள் சொல். அந்த நாக்கு "பிரமாதம்", "அருமை", "என்னால் பேச முடியவில்லை" என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. பேச முடியவில்லை என்றால் எதற்கு அந்த நாற்காலி? புளியின் பச்சை வாசனை போகவில்லை, வெங்காயம் வதங்கவில்லை, வதக்கலில் எண்ணெய் பிரிவதற்குள் தேங்காயை ஊற்றிவிட்டார், பாகு கம்பிப் பதம் தாண்டி உருட்டுப் பதத்துக்குப் போய்விட்டது, வெந்தயம் கருகியதால்தான் இந்தக் கசப்பு. எந்த அடுக்களையிலும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இப்படி ஒரு வரி சொன்னால், பார்க்கிறவர்களில் பத்துப் பேர் அடுத்த நாள் வெந்தயத்தைக் கொஞ்சம் கவனித்துத் தாளிப்பார்கள்.

இதை ஜப்பானியர்கள் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள். 1993 முதல் 1999 வரை ஃபுஜி தொலைக்காட்சியில் வந்த அயர்ன் ஷெஃப் எந்த வகையிலும் அடக்கமான நிகழ்ச்சி அல்ல. மினுங்கும் அங்கி அணிந்த தலைவர், புகைக்கு நடுவே மேலெழுந்து வரும் சமையல் வீரர்கள், அரங்கம் நிறைய ஆர்ப்பாட்டம் என்று எல்லாம் உண்டு. நம் ஆட்களுக்கே கூச்சம் வரும் அளவுக்கு உண்டு. ஆனால் சமையல் தொடங்கிய அந்த ஒரு மணி நேரமும் விளையாட்டு வர்ணனை போல இடைவிடாத விளக்கம் நடக்கும். வர்ணனையாளர் பக்கத்தில் ஹத்தோரி யுகியோ என்ற சமையல் கல்லூரித் தலைவர் உட்கார்ந்து, இவர் ஏன் மீனை இப்படி அறுக்கிறார், அவர் ஏன் அந்தச் சாற்றை இப்போது வடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். களத்திலிருந்து ஒரு செய்தியாளர் ஓடி ஓடிப் பார்த்து, சட்டியில் என்ன விழுந்தது என்று சொல்வார். சுவைப்பவர்கள் ஒவ்வொரு உணவையும் சாப்பிட்டு முடித்துப் பேசுவார்கள். கூத்தும் இருந்தது, சமையலும் இருந்தது. ஒன்று இருந்தால் மற்றது இருக்க முடியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

கூத்து என்றதும் கோமாளிகள் நினைவுக்கு வருவார்கள். 2019 நவம்பரில் விஜய் டிவியில் குக்கு வித் கோமாளி தொடங்கியபோது நானும் ரசித்தேன். செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்கள். கொரோனாக் காலத்தில் வந்த இரண்டாம் சீசன் பல வீடுகளில் வாரக் கடைசியைத் தாங்கிப் பிடித்தது. வெங்காயம் உரிக்கத் தெரியாத ஆண்பிள்ளைகள் அடுக்களையில் அல்லாடுவதைக் குடும்பமே சேர்ந்து பார்த்துச் சிரித்தது ஒரு நல்ல காரியம்தான். அது தன்னை நகைச்சுவை நிகழ்ச்சி என்று சொல்லிக்கொண்டு வந்தது, அந்த வாக்கைக் காப்பாற்றியது. என் வருத்தம் அதற்குப் பின்னால் வந்தவற்றோடு. சமையலை மட்டும் காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற முடிவுக்கு நீங்கள் எல்லோரும் வந்துவிட்டீர்கள். மணமக்களை நிறுத்துகிறீர்கள், நடனம் வைக்கிறீர்கள், படத்துக்கு விளம்பரம் தேடி வந்தவர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுக்கிறீர்கள். அடுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் கழுத்தை நீட்டி, பேட்டி கொடுப்பவரின் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒருவர் பட்ட கடனையும் இழந்த தாயையும் விரிவாகக் கேட்டுவிட்டு, உடனே அவர் வைத்த ரசத்துக்கு மதிப்பெண் போடச் சொல்வது நடுவருக்கும் கொடுமை, ரசத்துக்கும் கொடுமை. பிரிட்டனில் 2010இல் தொடங்கிய பேக் ஆஃப் என்ற கேக் போட்டியில் ஒரு சுற்று உண்டு. எல்லோருக்கும் ஒரே பண்டம், அரைகுறைச் செய்முறை. சமைக்கும் நேரத்தில் நடுவர்கள் போட்டி நடக்கும் கூடாரத்திலேயே இருப்பதில்லை. பிறகு வந்து வரிசையாக வைத்திருக்கும் தட்டுகளைச் சுவைத்துத் தரம் பிரிப்பார்கள், எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. நம் நிகழ்ச்சிகளுக்கு இது இன்னும் அவசியம். போட்டியாளர்களில் பலர் சின்னத்திரை நட்சத்திரங்கள். நடுவர்களோ சமையல் நேரம் முழுக்க அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு பாரபட்சம் என்று சமூக ஊடகங்களில் ரசிகர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து ஏன் வியக்க வேண்டும்? வாரத்துக்கு ஒரு சுற்றாவது நடுவர்களை வெளியே அனுப்பிவையுங்கள். பேக் ஆஃப்பில் வென்றவருக்குப் பணப்பரிசு கிடையாது, கேக் வைக்கும் தட்டு ஒன்றும் பூங்கொத்தும்தான் என்பதையும் சும்மா சொல்லிவைக்கிறேன். அதற்காக யாரும் அரைமனதோடு மாவு பிசைந்ததாகத் தெரியவில்லை.

கடிகாரம் ஒன்று இருக்கிறது. அறுபது நிமிடம், நாற்பத்தைந்து நிமிடம், சில நாள் முப்பது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறவே அரை நாள் வேண்டும், அரைத்தால் இரவு முழுக்கப் புளிக்க வேண்டும். உப்புக்கண்டம், வற்றல், நாள்பட்ட மாவில் செய்யும் ஆப்பம், மறுநாள்தான் ருசி கூடும் மீன் குழம்பு இவை எதுவும் உங்கள் கடிகாரத்துக்குள் அடங்காது. அடங்குபவை வறுவலும் பொரியலும் தான். அதனால்தான் சீசனின் நடுவில் எல்லோரும் இட்லியை உதிர்த்துப் பொரிக்கிறார்கள், ரசத்தைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் நிறுத்துகிறார்கள், பாயசத்தை உறையவைத்து அச்சில் போடுகிறார்கள். அதைப் புதுமை என்று கொண்டாடுகிறீர்கள். நேரமில்லாதவர் செய்த சமாளிப்பு அது. ஆஸ்திரேலிய மாஸ்டர்செஃப்பிலும் பேக் ஆஃப்பிலும் மணிக்கணக்காக நீளும் சுற்றுகள் இருக்கின்றன. இரண்டு நாள் சுற்று ஒன்று வையுங்கள். முதல் நாள் ஊறவைப்பதையும் அரைப்பதையும் காட்டுங்கள். மாவில் எத்தனை பங்கு உளுந்து, கல்லுரலா கிரைண்டரா, உப்பை எப்போது போட்டார், கையால் கரைத்தாரா என்பதெல்லாம் எங்களுக்கு முரசுச் சத்தத்தைவிடப் பதற்றம் தருபவை. விடிந்து பாத்திரத்தைத் திறக்கும்போது மாவு பொங்கியிருக்கிறதா இல்லையா என்பதைவிடப் பெரிய திருப்பத்தை எந்தக் கதாசிரியரும் உங்களுக்கு எழுதித் தர முடியாது.

விளம்பரதாரர் பொட்டலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிகழ்ச்சியை யார் பணத்தில் நடத்துகிறீர்கள் என்பது உங்கள் தொழில் விஷயம். ஆனால் சமையல் போட்டியில் கடைப் பொட்டலத்து மசாலாவைக் கட்டாயம் போட வைத்துவிட்டு, பிறகு "மசாலா அளவு அபாரம்" என்று போட்டியாளரைப் பாராட்டினால் அந்தப் பாராட்டு யாருக்கு? மல்லியும் மிளகாயும் எந்தப் பதத்தில் வறுபட வேண்டும் என்று தெரிந்திருப்பதில்தான் பாதித் திறமை இருக்கிறது.

கடைசியாக ஓர் ஆலோசனை. இதுவரை சொன்னவற்றைவிட இதைத்தான் நான் நெடுநாளாக மனதில் வைத்திருக்கிறேன். உங்கள் போட்டிகளில் வீட்டுச் சமையல்காரர்கள் வருகிறார்கள், நடிகர்கள் வருகிறார்கள். ஹோட்டல் அடுக்களையில் நாள்தோறும் அடுப்படியில் நிற்பவர்கள் வருவதே இல்லை. தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சரக்கு மாஸ்டர், பிரியாணி அண்டாவுக்குத் தம் போடுகிறவர். இவர்களின் திறமை வேறு வகை. போட்டியில் ஒரு தட்டை ஒரு முறை அழகாகச் செய்தால் போதும். ஹோட்டலில் அதே தட்டை, அதே ருசியில், நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் செய்தாக வேண்டும்.

2004இல் பிரிட்டனின் சேனல் 4இல், தள்ளாடும் உணவகங்களுக்குப் போய்த் திருத்தும் சமையல் வல்லுநர் கோர்டன் ராம்சேயின் நிகழ்ச்சி தொடங்கியபோது, முதல் பகுதியிலேயே ஒரு தலைமைச் சமையல்காரரை ஆம்லெட் போடச் சொன்னார். பெரிய பெரிய பெயர்களில் உணவு பரிமாறிக்கொண்டிருந்தவரால் ஆம்லெட்டை ஒழுங்காகப் போட முடியவில்லை. பிறகு வந்த அமெரிக்கப் பதிப்பு கத்தலும் இசையுமாகத் தேய்ந்தது தனிக்கதை. ஆனால் அந்தப் பழைய பிரிட்டன் பகுதிகளில் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பது, நீண்ட உணவுப் பட்டியலைப் பாதியாக வெட்டுவது, கூட்டம் சேரும் இரவில் அடுக்களை எப்படித் திணறுகிறது என்று காட்டுவது என ஓர் உணவகம் எப்படி ஓடுகிறது என்பதைக் கற்றுக்கொள்ள முடிந்தது. அவர் திருத்திவிட்டுப் போன உணவகங்களில் பல பின்னர் மூடப்பட்டன. அந்தத் தொழில் எவ்வளவு கடினம் என்பதை அதுவும் சொல்லத்தான் செய்கிறது.

நம் ஊரில் இதை இப்படிச் செய்யலாம். ஒரு தோசை மாஸ்டரிடம் கல்லைக் கொடுத்து நூறு தோசை வார்க்கச் சொல்லுங்கள். முதல் தோசையையும் ஐம்பதாவதையும் நூறாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லின் சூடு ஏறும்போது தண்ணீர் தெளித்துத் துடைப்பதை எப்போது செய்கிறார், மாவை ஊற்றி எந்த நொடியில் இழுக்கிறார், நடுவில் தடித்து ஓரம் கருகாமல் எப்படிக் காக்கிறார் என்று கேமரா நெருங்கிப் பார்க்கட்டும். பரோட்டா மாஸ்டர் மாவை விசிறி மடித்துச் சுருட்டும் வேகத்தை மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். நடுவரின் புருவத்துக்குச் செலவழிக்கும் மெதுவோட்டத்தில் பாதி போதும். சீரகச் சம்பாவில் தம் போடுகிறவரும் பாஸ்மதியில் போடுகிறவரும் எதிரெதிரே நிற்கட்டும். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை நிஜமான சாப்பாட்டுக் கூட்டத்தை உள்ளே விடுங்கள். நடுவர்கள் அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்து, யார் சமைத்தது என்று தெரியாமல், இலை போட்டு முழுச் சாப்பாடு சாப்பிடட்டும். சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்களா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு என்று அறிவித்துவிட்டால் இன்னும் நல்லது. வெல்பவருக்குக் கோப்பையோடு சேர்த்து, அவர் வேலை பார்க்கும் கடையின் பெயரையும் ஊரையும் திரையில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நேயர்
திருநெல்வேலி

பின்குறிப்பு: ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அத்தனை பேர் சமைத்ததில் நடுவர்கள் தொடுவது சில கரண்டிகள்தான். மீதியைப் படப்பிடிப்புக் குழுவினர் சாப்பிடுகிறார்களா, வெளியே கொடுக்கிறீர்களா, கொட்டிவிடுகிறீர்களா என்று நிகழ்ச்சி முடிவில் ஒரு வரி போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வருகிறது.